பொம்மையைத் தொட்டால் மட்டும்

விளக்கு அணைந்ததும் வசந்தாமணி திரையைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த நந்தகோபாலின் முகத்தைத்தான் பார்த்தாள். தியேட்டர் வாசலில் படம் பார்க்கக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைத் தன் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டதில் மூக்கில் இரட்டைப் பாரம். குனிந்தால் வழுக்கியது, நிமிர்ந்தால் காது வலித்தது. அவனோ அதற்குள் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, தேர் வரக் காத்திருக்கிற பையன் மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். முப்பத்தேழு வயசு. முன்நெற்றி ஏறிவிட்டது, காதோரம் நரை. நெஞ்சில் தங்க நிறத்தில் சிறகு முத்திரை போட்ட பனியன். திரையில் இப்போது பறந்து வரப்போகிற ஆளின் முத்திரை அது என்று வரும் வழியிலேயே காரில் சொன்னான், இந்தப் படத்துக்காகவே வெளியூரிலிருந்து வரவழைத்தானாம், இன்றைக்குத்தான் முதல்முறையாகப் போடுகிறானாம். பெண் பார்த்துப் பேசி முடிக்கப்போகிற வீட்டு அம்மா கூட வருகிறாள் என்று தெரிந்தும் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வரத் தோன்றவில்லையே இவனுக்கு. வெகுளியா, இல்லை அலட்சியமா? வெகுளி என்றால் பரவாயில்லை. ஆனால் வெகுளி என்பது எந்த வயசுவரைக்கும் வெகுளி? இடப்பக்கம் மகள் வாணி பாப்கார்ன் கொறிக்கிற சத்தம் கேட்டது. நீ நடுவில் உட்கார் என்று சொன்னது அவள்தான். "நல்லாப் பாத்துக்கோம்மா," என்று காதோரம் வேறு சொன்னாள். விளையாட்டாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் அது விளையாட்டில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆடி முடிந்ததிலிருந்து கல்யாணப் பேச்சு நடக்கிறது. குடி இல்லை, சிகரெட் இல்லை, விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கிற வேலை, வாணியின் முதல் கல்யாணம் முறிந்தது தெரிந்தேதான் வந்திருக்கிறான். அவளுக்கும் பிடித்திருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நீ ஒருக்கா கூட இருந்து பாரும்மா. எனக்கு என்னையவே நம்ப முடியறதில்ல," என்றாள். வீட்டுக்காரர் அவிநாசியப்பனோ வரவே மாட்டேன் என்றுவிட்டார். "போன தடவ நாந்தான பாத்தேன்? பாத்த லட்சணம் போதும். நீ போய்ட்டு வந்து சொல்லு, அவிய வீட்டுக்குப் பதில் சொல்லிர்லாம்." ஆக, எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு இவள் தலையில் வைத்துவிட்டார்கள். இவள் என்ன சாமியா, ஆளைப் பார்த்ததும் உள்ளே இருப்பதைச் சொல்வதற்கு?

திரையில் ஒரு நகரம் எரிந்தது. இரும்புத் தாடை வைத்த ஒருவன் உயரமான கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டு, "மனிதர்களே, உங்கள் முடிவு நெருங்கிவிட்டது!" என்று நல்ல தூய தமிழில் முழங்கினான். அவன் வாய் அசைவது ஒன்று, வார்த்தை வருவது ஒன்று. பக்கத்து வரிசைகளில் கைதட்டினார்கள். சின்னப் பிள்ளைகள் என்று பார்த்தால் இல்லை, எல்லாம் மீசை முளைத்ததுகள். ஒருவர் இவள் வயசு இருப்பார், மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்திருந்தார், அவரும் தட்டினார். குளிர் முதுகில் ஏறியது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். இதில் என்ன இருக்கிறது? ஒருத்தன் பறக்கிறான், ஒருத்தன் உடைக்கிறான், கடைசியில் பறக்கிறவன் ஜெயிப்பான். அதை அஞ்சு வயசில் பார்த்தால் சரி. எழுபது வயசுக்காரர்கள் கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு அனுமார் கடலைத் தாண்டுகிற கதையைக் கேட்கிறார்களே, இவளே கேட்டுக் கண் கலங்கியிருக்கிறாளே, என்று உள்ளே ஒன்று கேட்டது. அது வேறு, அது சாமி. இவனைப் போல அனுமார் பொம்மையை வாங்கி அலமாரியில் அடுக்கி, தொடாதே என்று சொல்கிறோமா? அந்த இடத்தில் மனசு தடுக்கியது. சொல்கிறோம்தான். அவிநாசியப்பன் குளிக்காமல் பூஜையறைப் பக்கம் கை நீட்டினால் இவள் என்ன கத்துக் கத்துவாள்! சரி, கத்துவாள். ஆனால் அது... அது எப்படி வேறு? யோசிக்க யோசிக்க நூல் சிக்கிக்கொண்டது, விட்டுவிட்டாள். சிக்கலின் நடுவில் உட்கார்ந்திருந்தது அந்த ஒற்றை வாக்கியம்தான். அதைச் சுற்றித்தான் இத்தனை நாளாகத் தூக்கம் கெடுகிறது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தபோது சொன்னது. நந்தகோபாலின் அம்மா நல்ல மனுஷி, கலகலப்பான பேச்சு, கொழுக்கட்டை சுட்டுவைத்திருந்தாள். கூடத்தில் ஷோகேஸ் நிறைய பொம்மைகள். ஏதோ பேரன் பேத்தி விளையாடுவது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது, இந்த வீட்டில் பேரனும் இல்லை பேத்தியும் இல்லை. சிறகு வைத்தது, முகமூடி போட்டது, ஒரு காலை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்தது, ஒவ்வொன்றின் காலடியிலும் குட்டி விளக்கு. "எல்லாம் எம் பையனோடதுங்க. பச்சைப் புள்ளையாட்டத் தொடச்சுத் தொடச்சு வெப்பான். தங்கமான பையன், கோவமே வராதுங்க அவனுக்கு. இந்தப் பொம்மையத் தொட்டா மட்டும்தான் வரும்," என்று சொல்லிவிட்டு அந்தம்மா சிரித்தாள். வாணியும் சிரித்தாள். வசந்தாமணி கொழுக்கட்டையைத் தட்டிலேயே வைத்தாள். தொட்டால் மட்டும். மட்டும் என்றால் என்ன? தொட்டால் எப்படி வரும்? முகம் சுருங்குமா, குரல் உயருமா, கை உயருமா? நாளைக்கு வாணி தூசு தட்டுகிறபோது ஒன்று கீழே விழுந்து சிறகு ஒடிந்தால்? அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து, அது தவழ்ந்து போய் இழுத்துத் தள்ளினால்? ஒரு பெரிய மனுஷனுக்குக் கோபம் வந்தால் அதில் ஒரு கணக்கு இருக்கும், இதற்கு இவ்வளவு என்று. பச்சைப்பிள்ளையின் கோபத்துக்கு ஏது அளவு? கையில் இருப்பதைத் தூக்கி எறியும். அதே கோபம் ஆறடி உடம்புக்குள் இருந்தால்?

ஆனால் பெரிய மனுஷனை ஒருதரம் பார்த்தாயிற்றே. வாணியின் முதல் புருஷன் பிரபாகர் இருபத்தெட்டு வயசிலேயே ஐம்பது வயசுக்காரன் மாதிரி உட்காருவான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பான், சினிமாவா, அதெல்லாம் நேர விரயம் மாமா என்பான். அவிநாசியப்பன் சொக்கிப் போனார். "பொறுப்பான பையன், விளையாட்டுப் புத்தியே கெடையாது" என்று ஊரெல்லாம் சொன்னார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் கை தவறி அவன் பட்டு வேட்டியில் ரசம் தெளித்துவிட்டது. வசந்தாமணி எதிரில்தான் நின்றிருந்தாள். அவன் பரவால்லீங்க என்றான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், இமை மூடித் திறக்கிற நேரம், அந்த முகத்தில் ஒன்று வந்து போனது. கண் அசையாமல், தாடை மட்டும் இறுகி, அந்தப் பரிமாறுகிறவரை மனுஷனாகவே பார்க்காத ஒரு பார்வை. பார்த்தாள். பட்டு வேட்டியாச்சே, யாருக்குத்தான் இருக்காது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் என்னென்ன உடைந்தது என்பதை வாணி முழுக்கச் சொன்னதே இல்லை. திரும்பி வந்த புதிதில், அப்பாவின் ஸ்கூட்டர் கேட்டருகில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், பெண் எழுந்து போய் ஏற்கெனவே துடைத்திருந்த சாப்பாட்டு மேசையை மறுபடி துடைப்பாள். தோள் இரண்டும் காதுக்கு ஏறி, முகவாய் நெஞ்சில் ஒட்டி, மாய்ந்து மாய்ந்து துடைப்பாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம் அவர் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

இருக்கை அதிர்ந்தது. திரையில் பாலம் ஒன்று நடுவில் பிளந்து, கார்கள் சரம் சரமாகக் கீழே விழுந்தன. ஒரு சிவப்புக் காருக்குள் ஒரு பொம்பளையும் கைக்குழந்தையும். தண்ணீரைத் தொடப்போகிற நேரத்தில் சிறகுக்காரன் வந்து காரை அடியில் தாங்கிப் பிடித்துவிட்டான். கரையில் கொண்டுபோய், முட்டையை வைப்பது போல வைத்தான். நந்தகோபால் அப்போதுதான் மூச்சு விட்டான். அவன் கன்னத்தில் ஏதோ பளபளத்தது. அழுகிறானா? அழுகிற ஆணைக் கண்டால் வசந்தாமணிக்குப் பயம். அழாத ஆணைக் கண்டாலும் இப்போது பயம். அப்படியென்றால் எந்த ஆணைத்தான் நம்புவது? இவள் பயத்துக்குப் பிடித்த மாதிரி ஒருத்தனை இனிமேல்தான் செய்ய வேண்டும்.

இடைவேளையில் வாணி எழுந்து பாத்ரூம் போனாள். நந்தகோபால் ஓடிப்போய்ப் பெரிய காகித டம்ளரில் ஐஸ் போட்ட கோலா வாங்கிவந்து இவள் கையில் கொடுத்தான். வேண்டாம் தம்பி, தொண்டை கட்டும் என்று சொல்ல வந்தவள் வாங்கிக்கொண்டாள். இதுதான் சமயம். சுற்றி வளைத்து ஏதேதோ கேட்கலாம் என்று நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "ஏந்தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரமில்லீங்களா? இந்த வயசுல இதைப் பாக்க உங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?" என்று கேட்டேவிட்டாள். அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. பனியனின் ஓரத்தைத் திருகினான். "நெறையப் பேரு கேப்பாங்க அத்தை. ஆபீஸ்லயே கிண்டல் பண்ணுவாங்க. என்னன்னு சொல்றது... நானு தினமும் நொறுங்கிப்போன காரத்தான் போய்ப் பாக்கறேன். சீட்டுக்கடியில செருப்பு கெடக்கும். பால்புட்டி கெடக்கும். அதையும் சேத்துப் போட்டோ எடுக்கோணும். இதுல பாருங்க, காரு அத்தனை ஒசரத்துல இருந்து விழுகுது, உள்ள இருந்தவங்க கதவத் தொறந்து எறங்கி நடந்து போறாங்க." திருகிய ஓரத்தை நீவிவிட்டு, "பொய்யினு தெரியுமுங்க," என்றான். டம்ளரின் குளிர் விரலை மரக்க வைத்தது. இது பெரிய மனுஷன் சொல்கிற பதிலா, குழந்தை சொல்கிற பதிலா? மனசு இளகப் பார்த்தது. உடனே ஒரு பயம் வந்து அதன் முடியைப் பிடித்து இழுத்தது. நல்ல பதில்தான். பிரபாகர்கூட எல்லாக் கேள்விக்கும் நல்ல பதில்தான் சொன்னான். பதிலைக் கேட்டுத்தானே ஏமாந்தோம். பதிலில் ஒன்றும் இல்லை. அந்த இமைப்பொழுதில்தான் இருக்கிறது எல்லாம். அதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய் இவள் என்ன சொல்ல முடியும்?

அந்த நினைப்பு எப்போது வந்தது என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. விளக்கு மறுபடி அணைந்து, வாணி வந்து உட்கார்ந்து, திரையில் சிறகுக்காரனைச் சங்கிலியில் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. கையில் டம்ளர் நிறைய கோலா. பக்கத்தில் புதுப் பனியன். பொம்மையைத் தொட்டால் மட்டும். ச்சீ, என்ன புத்தி இது, ஐம்பத்தெட்டு வயசில்? இவனைப் போய்ச் சின்னப்பிள்ளை என்றாயே, நீ செய்ய நினைப்பது என்ன? அவன் ஆசை ஆசையாக வாங்கியது. கறை போகாது. போகாவிட்டால் என்ன, ஒரு பனியன்தானே, என் பொண்ணு ஒரு பனியனைவிடக் கீழா? ஆனால் ஊற்றி, அவன் முகம் அப்படி மாறிவிட்டால் அப்புறம் என்ன செய்வாய்? அதைப் பார்த்த பிறகு பார்க்காதவள் மாதிரி இருக்க இன்னொரு தடவை முடியுமா? பார்க்காமலே இருந்துவிடலாமே. பார்க்காமல் இருந்ததால்தானே இத்தனையும். மாறாவிட்டாலும் அது நிஜமென்று எப்படித் தெரியும், மாமியார் ஆகப்போகிறவள் முன்னால் அடக்கிக்கொண்டான் என்றால்? டம்ளரின் வெளிப்புறம் வியர்த்து, சொட்டு அவள் மணிக்கட்டில் ஓடி முழங்கைக்குப் போனது. இந்தக் காட்சி முடியட்டும் என்று நினைத்தாள். முடிந்தது. அடுத்தது முடியட்டும். சிறகுக்காரனின் சிறகை இரும்புத் தாடைக்காரன் பிடுங்கினான். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. சிறகில்லாமல் அவன் மேகத்துக்குள்ளிருந்து விழ ஆரம்பித்தான், விழுந்துகொண்டே இருந்தான். நந்தகோபால் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். வசந்தாமணியின் கை, அவளைக் கேட்காமல், சாய்ந்தது.

"ஐயோ! ச்சை! என்னங்க இது!" நந்தகோபால் துள்ளி எழுந்தான். குரல் பெரிதாகத்தான் வந்தது. ஐஸ்கட்டிகள் தரையில் சிதறி உருண்டன. நெஞ்சிலிருந்து வயிறுவரை நனைந்து, பனியனை இரண்டு விரலால் பிடித்து விலக்கிக்கொண்டு நின்றான். திரையின் நீல வெளிச்சத்தில் முகம் கோணிப்போய் இருந்தது. கோபம்தான். சந்தேகமே இல்லை, கோபம். வந்துவிட்டது, வந்தேவிட்டது. அந்தக் கணம் வசந்தாமணியின் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. பெண் என்ன ஆனாள்? தோள் காதுக்கு ஏறியிருக்கும், முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்கும், ஐயோ என் கண்ணே, நானே உன்னை இதில் கொண்டுவந்து... வாணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாயில் பாப்கார்ன். கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தை மட்டும் ஒரு பக்கம் எக்கி, அவனைத் தாண்டித் திரையைப் பார்க்க முயன்றுகொண்டு, "ஏனுங், எதுக்கு இப்பக் கத்தறீங்க? கோலாதான, ஆசிட்டா? உக்காருங்க, மறைக்குது," என்றாள். பின்வரிசையில் யாரோ, "ஆமா சார், உக்காருங்க சார்," என்றார்கள். நந்தகோபால் ஏதோ முணுமுணுத்தான். உட்கார்ந்தான். கைக்குட்டையால் நெஞ்சைத் தேய்த்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஆறாத குரலிலேயே, "உங்க சேலைல பட்டுதுங்களா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். அதற்குள் திரையில் விழுந்தவன் எப்படியோ எழுந்துவிட்டிருந்தான். நந்தகோபாலின் முழங்கை மறுபடி முட்டிக்குப் போயிற்று, வாய் திறந்துகொண்டது.

மீதிப் படத்தை வசந்தாமணி கழுத்தை இடப்பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு கழித்தாள். இத்தனை நாளாக அவன் முகத்தையே அல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் அம்மா முகத்தை, அலமாரியை, பனியனை. பிரபாகரிடமும் அவன் முகத்தில் வந்து போனதையே எத்தனையோ வருஷமாகத் தோண்டிக்கொண்டிருந்தோமே. அன்றைக்கு வாணி எப்படி இருந்தாள்? நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது ஒவ்வொரு சேலையையும் தோளில் போட்டு, "இந்தக் கலரு அவருக்குப் பிடிக்குமாம்மா? திட்டமாட்டாரே?" என்று கேட்டாள். ஆசைதான் அப்படிப் பேச வைக்கிறது என்று கடைக்காரர் முன்னால் இவள் சிரித்தாள். திட்டமாட்டாரே என்ற வார்த்தை அப்போது காதில் விழுந்து, இப்போதுதான் உள்ளே இறங்குகிறது. வாணியின் முகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் மாறி மாறி அடித்தது. அவள் கொட்டாவி விட்டாள். அவளுக்கு இந்தப் படம் துளிகூடப் பிடிக்கவில்லை என்பது வசந்தாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. பிடிக்காததை மறைக்கவும் இல்லை. ஆனாலும், என்று பயம் மறுபடி மூக்கை நீட்டியது, ஒரு கொட்டாவியை வைத்து ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கலாமா?

படம் முடிந்தும் யாரும் எழவில்லை. பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு இன்னும் ஒரு காட்சி வருமாம், அதைப் பார்க்காமல் போகக்கூடாதாம், நந்தகோபால் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான். "நீங்க பாத்துட்டு வாங்க, நாங்க வெளிய நிக்கறோம்," என்று சொல்லிவிட்டு வாணி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாத்ரூமுக்கு வந்தாள். குழாயைத் திறந்து வசந்தாமணி பிசுபிசுத்த கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் வாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, வேணும்னேதான ஊத்துனே?" வசந்தாமணி, "கை நழுவிருச்சு கண்ணு," என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது. இப்போது இவள் என்ன சொல்வாள், உனக்கு ஏம்மா இந்த வேலை என்பாளா, அழுவாளா? வாணி பக்கத்துக் குழாயைத் திறந்தாள். திறந்த தண்ணீரில் கையை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் ஊத்துனேன்," என்றாள். "இவரோட நா மொதல் தடவ காபி குடிக்கப் போனேன்ல, அப்ப. அவுரு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வந்திருந்தாரு. சூடா இருக்கக் கூடாதுன்னு ஆற வெச்சு ஊத்துனேன்." வசந்தாமணி தன் குழாயை மூடினாள். தன் பெண் ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து, காபி ஆறட்டும் ஆறட்டும் என்று காத்திருந்த அந்த நேரம் முழுவதும் அவள் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரத்தில் இவள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள்? துணி மடித்துக்கொண்டிருந்திருப்பாள். "என்ன சொன்னாரு கண்ணு?" என்று கேட்டாள். "கத்துனாரு. இன்னைக்கு மாதிரியே." வாணி கையைத் தண்ணீரில் வைத்தாள். "ஆனா நானும் கத்துனேம்மா. அத்தனை பேருக்கு முன்னால, எந்திரிச்சு நின்னு." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம் இருந்தது, யாரோ செய்த காரியத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பின்னால் காத்து நின்ற ஒரு பெண், "ஏனுங்க்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றாள். இரண்டு பேரும் நனைந்த கையோடு ஒரே பக்கமாகத் தள்ளி நின்றார்கள்.